பாவெல் தேடி வந்த அடி

காஞ்சிபுரத்தில் தொப்பி போட்டுக்கொள்ளலாமா என்பதுதான் பாவெல் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. மீனம்பாக்கத்தை விட்டு வெளியே வந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஆடி மாத வெயில். கறுப்புக் கம்பளித் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார். இருபத்தைந்து வருடமாக எல்லாப் புகைப்படத்திலும் அந்தத் தொப்பியோடுதான் இருக்கிறார். போட்டுக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் மண்டை வெந்துவிடும் என்றேன். வாலாஜாபாத் வருவதற்குள் கழற்றிவிட்டார். உள்ளே பாதி வழுக்கை. ரஷ்யாவில் அவருடைய ரசிகர்கள் ஒருவர்கூட அதைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

நான் ரஷ்யாவில் பெர்ம் நகரத்தில் இருக்கிறேன். உரால் மலையடிவாரத்தில், வருடத்தில் ஐந்து மாதம் வெள்ளையாகக் கிடக்கும் ஊர். மருத்துவம் படிக்க வரும் நம் பிள்ளைகளுக்கு விடுதி, விசா, வாடகை ஒப்பந்தம் என்று மொழிபெயர்த்துக் கொடுப்பது பிழைப்பு. சொந்த ஊர் உத்திரமேரூரிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். பாவெல், பெர்மில் ‘நனைந்த கையுறை’ என்ற ராக் குழுவின் பாடகர். பாட்டு எழுதுபவரும், கிதார் வாசிப்பவரும், கோபித்துக்கொள்பவரும் அவர்தான்.

அவர் வந்த காரியம் ஒன்றே ஒன்று. குழுவின் டிரம்மர் அருள், போன தை மாதம் தூக்கத்திலேயே இறந்துபோனான். மாரடைப்பு. முப்பத்தெட்டு வயது. அருள் என் ஊர்க்காரன். என் ஊர் என்றால், எங்கள் தெருவிலிருந்து ஏரிக்கரைப் பக்கம் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காலனி. அவன் போனபிறகு பாவெல் மேடையேறவில்லை. ‘உப்பு’ என்ற பாட்டுதான் குழுவின் உயிர். அதன் தாளத்துக்கு மூன்று டிரம்மர்களை வைத்துப் பார்த்தார், மூன்று பேருக்கும் வரவில்லை. அது அருளின் முன்னோர்கள் அடித்த பறையின் அடி என்று அவருக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தார். அருளின் அப்பா ஒருமுறை அடித்துக் காட்டினால் பதிவு செய்துகொண்டு போய் அதன்மேல் பாடுவேன், இல்லாவிட்டால் பாட்டையும் குழுவையும் சேர்த்து மூடிவிடுவேன் என்று ஒரு சின்னப் பதிவுக் கருவியோடு கிளம்பிவிட்டார். அந்த அப்பா அடிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். கேட்டுப் பார்க்கலாம் என்று மழுப்பிவைத்தேன்.

தென்னேரி ஏரியை ஒட்டி வரும்போது பின்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. ஓட்டுநர் ஒன்றும் நடக்காதவர்போல இறங்கி, வழியில் போன ஒரு பைக்கை நிறுத்தி, டயரை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போய்விட்டார். பெர்மில் குளிர்காலத்தில் இப்படி நடுவழியில் நின்றால் உயிர்ப்பயம் வந்துவிடும். இங்கே எதிரிலேயே டீக்கடை இருந்தது. பாவெல் ஒரு மைசூர் போண்டாவைப் பிட்டு, உள்ளே ஏன் ஒன்றும் வைக்கவில்லை, மறந்துவிட்டார்களா என்று கேட்டார். அவர்கள் ஊரில் மாவுக்குள் இறைச்சியோ முட்டைக்கோசோ இல்லாவிட்டால் ஏமாற்றியதாக அர்த்தம். இது இப்படித்தான் என்றேன். நான்கு சாப்பிட்டார்.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அந்த நேரத்தில் குழுவின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பாவெல் இளவயதில் நகரத்துக் கொதிகலன் நிலையத்தில் சூடுநீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். ஊரிலேயே செலவில்லாமல் கதகதப்பாக இருந்த இடம் அதுதான் என்பதால், அவரும் இரண்டு நண்பர்களும் அங்கேயே கிதாரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். குழாய்மேல் காயப்போட்ட கையுறைதான் குழுவுக்குப் பெயரானது. பல வருடம் உப்புச் சுரங்க ஊர்களின் கலாசார மன்றங்களிலும், தொழிற்சாலை மேலாளர்களின் பிறந்தநாள் விருந்துகளிலும், ஒருமுறை மீன்கடைத் திறப்புவிழாவிலும் வாசித்தார்கள். பாவெல் அப்போது நன்றாகக் குடிப்பார். மேடையிலிருந்து விழுந்து, கீழே கிடந்தபடியே பாட்டை முடித்தவர். எந்த டிரம்மரும் அவரோடு ஒரு வருடம் தங்கியதில்லை.

அருள் மருத்துவம் படிக்க வந்தவன். உடற்கூறியலில் இரண்டு முறை தேறவில்லை. விடுதியின் துணி துவைக்கும் அறையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவனை யாரோ பார்த்து, பாவெலிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் வருடம் படிப்பை விட்டுவிட்டான். அவன் வந்தபிறகுதான் ‘உப்பு’ வந்தது. சுரங்கத்துக்குப் போய்த் திரும்பாத ஒரு அண்ணனைப் பற்றிய பாட்டு, மொத்தமே நான்கைந்து வரிதான். முதலில் வெகுநேரம் வெறும் டிரம் மட்டும் கேட்கும். நடுவில் ஓரிடத்தில் தாளம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பிறகு விழும். அந்த நிற்கிற இடத்தில் கூட்டம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கால்பந்து மைதானத்திலும் கல்யாண வீட்டிலும் அந்தத் தாளத்தை ஜனங்கள் கைதட்டக் கேட்டிருக்கிறேன். பாவெல் குடியை விட்டதும் அருளால்தான். பாவெல் நேராக நிற்கும்வரை அவன் தாளத்தைத் தொடங்கமாட்டான். ஒருமுறை அரங்கம் முழுவதும் இருபது நிமிடம் காத்திருந்தது. அதற்குப் பிறகு பாவெல் குடித்து நான் பார்க்கவில்லை.

பாட்டு பரவிய சமயத்தில் உள்ளூர் வானொலியிலிருந்து ஒரு பெண் பேட்டியெடுக்க வந்தார். அருள் அதிகம் பேசாதவன் என்பதால் உதவிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வீடியோவும் எடுத்தார்கள். இந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பெண் கேட்டதற்கு, ஊரிலிருந்து கொண்டுவந்தேன் என்று மட்டும் அருள் சொன்னான். அது போதாது என்று எனக்குப் பட்டது. நானாகச் சேர்த்துக்கொண்டேன். இவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறையடிக்கிறவர்கள், தாளம் இவன் ரத்தத்திலேயே இருக்கிறது என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும், “ஏண்ணா அப்டி சொன்னே?” என்றான் அருள். நல்லதாகத்தானே சொன்னேன் என்றேன். 

பாவெலுக்கு அந்தக் கதை பிடித்துப்போய்விட்டது. போகிற மேடையிலெல்லாம் பாட்டுக்கு முன்னால் அதைச் சொல்ல ஆரம்பித்தார். அருளும் அவரைத் திருத்தவில்லை. வீடியோ சுற்றிச்சுற்றி நம் ஊர்வரை வந்தது. ரஷ்யாவைக் கலக்கும் பறை என்று ஒரு இணையதளத்தில் போட்டார்கள். ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்கள் அருளின் அப்பாவை நிறுத்தி, டாக்டருக்குப் படிக்கவைக்கிறேன் என்று அனுப்பினாயே, கடைசியில் பறைதானா என்று சிரித்தார்களாம். அன்றிலிருந்து அவர் மகனிடம் பேசவில்லை. பதினோரு வருடம். எனக்கு இது தெரியவே இரண்டு வருடம் ஆனது. தெரிந்தபிறகும் நான் ஒன்றும் செய்யவில்லை.

டயர் வந்து சேர்ந்தது. சார் என்ன வேலை பார்க்கிறார் என்று ஓட்டுநர் கேட்டார். பாடகர் என்றதும் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள் என்றார். பாவெல் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். தை மாதத்திலிருந்து அவர் குளியலறையில்கூடப் பாடவில்லை என்று அவருடைய மனைவி என்னிடம் சொல்லியிருந்தார்.

இரண்டாம் நாள். எங்கள் வீட்டில் இப்போது அண்ணன் குடும்பம் இருக்கிறது. அண்ணி காலை நாஷ்டாவுக்கு இட்லியும் வடைகறியும் செய்திருந்தார். பாவெல் இட்லியை முள்கரண்டியால் வெட்டி, வடைகறியை முதலில் தனியாகச் சாப்பிட்டு முடித்து, பிறகு இட்லியைத் தனியாகச் சாப்பிட்டார். அண்ணி பொறுத்துப்பார்த்துவிட்டு, தானே கலந்து கொடுக்கட்டுமா என்று என்னிடம் கேட்டார்.

கன்னியப்பனைப் பார்க்கப் போகவேண்டும் என்றேன். அதுதான் அருளின் அப்பா பெயர். எழுபதை நெருங்குகிறவர். எங்கள் தெருவில் நண்டு சிண்டு எல்லாம் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிட்டு வளர்ந்தேன்.

“நீ ஏன் அங்க போற?” என்றான் அண்ணன். “வெள்ளக்காரர இட்டுக்கினு அந்தத் தெருவுல பூந்தா பாக்கறவன் இன்னா நெனப்பான்? ஆள் அனுப்பறேன். அவன் வரட்டும்.”

அப்படியே ஆள் அனுப்பினான். நான் தடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் ரஷ்யாவில் இருந்தவன், அண்ணன் கூப்பிட்டு அனுப்பினால் ஆள் வரும் என்று நானும்தான் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு, எங்கள் பம்புசெட்டைப் பார்த்துக்கொள்பவர் தனியாகத் திரும்பி வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்: “வூடு இங்கதான கீது, பாக்கணும்றவங்க வரட்டும்னு சொல்லிட்டாரு.”

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. இந்தத் திமிர் இன்று வந்ததா என்று ஆரம்பித்து, எங்கள் தாத்தா இறந்த கதைக்குப் போனான். தாத்தா மணியக்காரராக இருந்தவர். எனக்கு விவரம் தெரியாத வயது. காலனியில் ஒருவரும் மேளம் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், வேறு ஊரிலிருந்து டிராக்டரில் ஆள் கொண்டுவரும்வரை பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தோம் என்பதுதான் எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை. அதற்குத் தலைமையாக நின்றது கன்னியப்பன். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை இதைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு நடந்த அநியாயமாகத்தான் கேட்டிருக்கிறேன்.

அவர் ஏன் வரவில்லை என்று பாவெல் விசாரித்தார். வயதானவர், கால் வலி என்று சொன்னேன். அப்படியானால் நாம்தானே போகவேண்டும், இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்றார்.  நாளை ஞாயிறு, நாளைக்குப் போவோம் என்றேன். மிச்சப் பொழுதைக் கழிக்க உத்திரமேரூருக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்க் கல்வெட்டு மண்டபத்தைக் காட்டினேன். ஆயிரம் வருடத்துக்கு முன்பே குடவோலை போட்டுத் தேர்தல் நடந்த ஊர் என்று சொன்னதும், யாரெல்லாம் போட்டியிடலாம் என்று கேட்டார். நிலம் வைத்திருப்பவர்கள் என்றேன். ‘ஆகா’ என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் அம்மன் கோயிலில் ஆடிக்கு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வேப்பமரத்தில் நான்கு கூம்பு. பாவெல் பஸ்ஸிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்து, இதைவிடச் சின்னதை வைத்துக்கொண்டு நாங்கள் மைதானத்தில் பாடியிருக்கிறோம் என்றார். கோயில் பக்கமிருந்து பம்பை கேட்டதும் சட்டென்று எழுந்து, இதுவா, இதுவா என்று என் தோளைப் பிடித்தார். இல்லை என்றேன். எதுவென்று எனக்கும் தெரியாது என்பதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நடந்தே போனோம். அண்ணன் கொல்லைப்புறம் போய்விட்டான். அந்த அரை கிலோமீட்டரை நான் அதுவரை கடந்ததில்லை. அருளின் உடல் வந்தபோது பெர்மிலிருந்து காகிதமெல்லாம் தயார் செய்து அனுப்பியவன் நான்தான், கூட வரவில்லை. வேலை இருந்தது என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அரசு கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு, முன்னால் தகரம் இறக்கியிருந்தது. அருளின் தங்கை செல்வி வாசலுக்கு வந்தாள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பாள். சுவரில் அருளின் படம், சீரியல் பல்பு போட்டு. கல்லூரி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. பாவெல் அதன் முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன், செல்வியும் பார்த்தாள். அவள்தான் போய் பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

கன்னியப்பன் வெளுத்த பனியனும் லுங்கியுமாக வந்து எதிரில் உட்கார்ந்தார். எப்படிக் கூப்பிடுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். “ஐயா” என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ மணியக்காரர் வூட்டுச் சின்னவன்தான?”

ஆமாம் என்றேன்.  செல்வி ஆடிக்கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். கேழ்வரகு, மோர், மேலே சின்ன வெங்காயம். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் கருவாடும். பாவெல் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அவர் பாட்டி வீட்டில் கறுப்பு ரொட்டியை ஊறவைத்துச் செய்யும் புளித்த பானம் ஒன்று உண்டு, அதே புளிப்பு என்றார். எனக்கும் ஒரு செம்பு வந்தது. அந்தத் தெருவில் நான் வாயில் வைத்த முதல் ஆகாரம் அது. நாற்பத்தைந்து வயதில்.

பிறகு பாவெல் தன் காரியத்தைச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். மூன்று டிரம்மர்களுக்கும் வரவில்லை, நீங்கள் ஒருமுறை அடித்துக் காட்டினால் போதும், உங்கள் மகனுக்காக என்றார். பதிவுக் கருவியை எடுத்து ஸ்டூல்மேல் வைத்தார்.

கன்னியப்பன் அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அடிக்க மாட்டேன்னு சொல்லு. கோவமா சொன்னேன்னு சொல்லாத, சும்மா சொல்லு. உங்க தாத்தா செத்தன்னிக்கி உங்க தெருவுலேர்ந்து ஆள் வந்து நின்னாங்க. எங்க நைனா தோள்ல மாட்டிக்கினு கெளம்பிட்டாரு. நாந்தான் புடுங்கி வெச்சேன். மறுநாளு எல்லா வூட்டுதையும் கொண்டாந்து ஏரிக்கரையில போட்டுக் கொளுத்துனோம். ரெண்டு வெள்ளாமைக்கி எங்கள ஒருத்தரும் நெலத்துல எறக்கல. பொம்பளைங்க கல்லு ஒடைக்கப் போனாங்க. நான் மில்லுக்குப் போனேன்.” சுவரில் இருந்த மகன் படத்தைப் பார்த்தார். “இப்ப மெட்ராஸ்ல புள்ளைங்க அடிக்குதுங்க, டிவில பாக்கறேன். நல்லாத்தான் கீது. இஷ்டப்பட்டு அடிக்கிறவன் அடிக்கட்டும். எங்கள யாரும் இஷ்டமான்னு கேட்டதில்ல. எம் புள்ளய பெத்தப்பவே முடிவு பண்ணேன், இவன் கைல அது வரக்கூடாதுன்னு. அப்பால அவனும் அதத்தான் அடிக்கிறான்னு ஊரே சிரிச்சுது.”

ஒரு வரி விடாமல் பாவெலுக்குச் சொன்னேன். எங்கள் தாத்தாவையும் விடவில்லை. பாவெல் கையை நீட்டிப் பதிவுக் கருவியை அணைத்தார். இது எனக்குத் தெரியாது, பதினோரு வருடம் மேடை மேடையாக அதைச் சொல்லியிருக்கிறேன் என்றார். நீங்கள் வேண்டாம் என்றால் இனி அந்தப் பாட்டு இல்லை. ஆனால் உங்கள் மகன் என்ன செய்தான் என்று நீங்கள் ஒருமுறையாவது தெரிந்துகொள்ளவேண்டும். இவ்வளவையும் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

கன்னியப்பன் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. செல்விதான், “நைனா, ஒரு தபா. எனக்காக” என்று போனைக் கையில் எடுத்தாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போட்டுவிட்டாள்.

டிரம் தொடங்கியது. நான் ஆயிரம் முறை கேட்டது. கன்னியப்பன் முதலில் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தார். தாளம் மூச்சைப் பிடித்து நிற்கும் அந்த இடம் வந்தது. பிறகு விழுந்தது. அவர் தலையைத் திருப்பி போனைப் பார்த்தார். அடுத்த சுற்று வந்தது, நின்றது, விழுந்தது. பாவெலின் குரல் வருவதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

“மொதல்லேர்ந்து போடு.”

இரண்டாவது முறை எழுந்து வந்து போனுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார்.

“இது பறை இல்ல. இது மிஷினு. நம்ம மில்லு மிஷினு.”

செல்விக்குப் புரியவில்லை. அவள் பிறப்பதற்குள் அந்த மில்லை மூடிவிட்டார்கள். உத்திரமேரூர் போகும் சாலையில் இருந்த அரிசி மில். ஆயில் இன்ஜின். கன்னியப்பன் அங்கேதான் மிஷின் ஓட்டினார்.

“பெல்ட்டு ஒரு தபா அறுந்துபோச்சி. மொதலாளி புதுசு வாங்கல. நாந்தான் தெச்சி மாட்டுனேன். தெச்ச எடம் தடிப்பா இருக்குமா, புல்லியில ஏர்றதுக்கு மின்ன ஒரு இழு இழுக்கும். அப்பால பட்டுன்னு வுழும். அதான் இது. இவரு ஆளுங்களுக்கு எப்டி வரும்? இது மேளக்காரன் அடியே இல்ல, தையல் போட்ட பெல்ட்டு.” அவர் குரல் வேகமாகிக்கொண்டே போனது. “அவங்கம்மா நடவுக்குப் போயிரும். ஸ்கூலு வுட்டு நேரா மில்லுக்கு வந்துருவான். தவுட்டு மூட்ட மேல படுத்துக்கினு வெரலால தட்டிக்கினே இருப்பான். மேளத்த வுட்டுட்டு நான் எதுக்குப் போனனோ, அதத்தான் எடுத்துக்கினு போய்க் கீறான்.”

உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. “எத்தினி தபா போன் பண்ணான். இதச் சொல்லத்தான் பண்ணானோ இன்னாமோ. நான் எடுக்கவே இல்லியே” என்றார். செல்வி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அந்த மில்லுக்கு நானும் சைக்கிளில் நெல் மூட்டை வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். அங்கே ஒரு சத்தம் இருந்தது என்பதே எனக்கு நினைவில் இல்லை.

பாவெலுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார், அதற்குள் கன்னியப்பன் கேட்டுவிட்டார்.

“இது பறைன்னு இவருக்கு யாரு சொன்னது? அருளா?”

இதையும் மொழிபெயர்க்கவேண்டும். மொழிபெயர்த்தேன். பாவெல் யோசித்தார். யோசிக்கும்போது அவர் கண்கள் மெல்ல என் பக்கம் திரும்பின. அவர் முகத்தில் கோபம் இல்லை. ஞாபகம் வருகிற முகம்தான்.

“இல்லை” என்றார் ரஷ்ய மொழியில். “அருள் சொல்லவில்லை. நீதான் சொன்னாய்.”

அவரைத் தவிர அறையில் அது புரிந்தவன் நான் ஒருவன்தான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் அதையும் யோசித்தேன், பொய் சொல்வானேன்.

“நாந்தாங்கய்யா சொன்னேன்” என்றேன்.

கன்னியப்பன் என் பக்கம் திரும்பினார். “அவன வெச்சிக்கினே சொன்னியா?”

“ஆமாங்க.”

“அவன் இன்னா சொன்னான்?”

“ஏண்ணா அப்டி சொன்னேன்னு கேட்டான்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஊரு வுட்டு ஊரு போயி, தேசம் வுட்டு தேசம் போயும், எம் புள்ள இன்னான்னு நீதான் சொல்லணுமா?” என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார். நான் மன்னித்துவிடுங்கள் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பிறகு பாவெல் பக்கம் கையைக் காட்டி, அந்தப் பதிவுப் பெட்டியைப் போடச் சொல் என்றார். எதையும் தட்டவில்லை. கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு, வாயால் அந்த இன்ஜினைச் சொன்னார். டக்கு டக்கு என்று ஓடி, இழுத்து, நின்று, பட்டென்று விழும் பெல்ட்டை. முதலில் மெதுவாக, பிறகு நெல் கொட்டியபின் மிஷின் பிடிக்கும் வேகத்தில். பாவெல் கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றில் எண்ணிக்கொண்டிருந்தார். முடித்ததும் கன்னியப்பன் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, “பாடச் சொல்லு. மில்லுன்னு சொல்லிட்டுப் பாடச் சொல்லு” என்றார். பாவெல் எழுந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

புறப்படும்போது கன்னியப்பன் வாசலில் என்னை நிறுத்தினார். “இவரு சொன்னத இவரு அங்க மாத்திக்குவாரு. இங்க டீக்கடையில எல்லாம் நின்னு சிரிச்சாங்களே, அத யாரு மாத்தறது?”

நான்காம் நாள் காலை, கார் வருவதற்கு முன் டீக்கடைக்குப் போனேன். பேருந்து நிறுத்தத்தில் எங்கள் தெருவை ஒட்டி இருப்பது. அண்ணன் இருந்தான், பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அன்று சிரித்தவர்களில் சிலரும் இருந்திருப்பார்கள். என்ன, கன்னியப்பன் அடித்துக் காட்டினானா என்று ஒருவர் கேட்டார். ‘னானா’ என்றுதான் கேட்டார்.

“அவரு அடிக்கல. அடிக்கவும் மாட்டாரு” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டியில் நான் சொன்னதை, அருள் என்னைக் கேட்டதை, மில்லை, தைத்த பெல்ட்டை.  ஒருவர், மில்லுச் சத்தத்துக்கா வெள்ளைக்காரன் ஆடுகிறான் என்று சிரித்தார். இன்னொருவர், அந்த மிஷின் சத்தம் தனக்கு ஞாபகம் இருக்கிறது, சாலை வரைக்கும் கேட்கும் என்றார். மற்றவர்கள் டீயைக் குடித்தார்கள். அண்ணன் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். வழியனுப்ப அண்ணி மட்டும்தான் வந்தார்.

பெர்ம் திரும்பிய சில வாரங்களில் பாவெல் மேடையேறினார். விளக்கு வருவதற்கு முன், அரங்கம் முழுக்க கன்னியப்பனின் வாய்ச்சத்தம் மட்டும் ஓடியது. புதிய டிரம்மர் அதைப் பிடித்துக்கொண்டான், நிற்கவேண்டிய இடத்தில் சரியாக நின்றான். பாவெல் அது ஒரு அரிசி ஆலையின் பெல்ட் என்றும், அதைத் தைத்தவர் யார் என்றும் சொன்னார். இதுவரை தவறாகச் சொல்லிவந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். தவறு எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார்.

டீக்கடையில் கேட்டவர்கள் பன்னிரண்டு பேர். அந்தப் பழைய வீடியோவைத் தமிழ்நாட்டில் பார்த்தவர்கள் நிறையப் பேர், அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் அருளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் பேசிக்கொண்டிருப்பவன் நான்தான். பறை என்று சொன்னது நான். அருள் சொல்லவில்லை.